பால் வண்டிக்கு ஏற்றிய நாலு பிளேட்

போன வாரம் சங்ககிரி பைபாஸில் டீ குடிக்க ஒதுங்கியபோது பக்கத்தில் ஒரு பிக்கப் வந்து நின்றது. நின்றது என்பதைவிட எழுந்து நின்றது என்று சொல்ல வேண்டும். டயர் என் இடுப்புக்கு வந்தது. வீல் நாலும் கறுப்பில் பளபளத்தன. ஓட்டி வந்தவர் கதவைத் திறந்து, ஏணியில் இறங்குகிறவரைப்போல நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கினார். புது டயர் வாசனை இஞ்சி டீயையும் மீறி மூக்கில் ஏறியது. எனக்கு ஒரு கோளாறு உண்டு. புது டயர் வாசனை பட்டால் கூடவே எருமைப்பால் வாசனையும் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மல்லசமுத்திரத்தைச் சுற்றி ஆறு ஊர்களில் விடிந்ததும் பால் கேன்களை ஏற்றி, திருச்செங்கோட்டுக்கு வெளியே பாலைக் குளிர வைக்கும் ஒரு தனியார் சில்லிங் சென்டரில் இறக்குவது என் வேலை. அதற்கென்றே ஒன்றரை டன் தாங்கும் பிக்கப் ஒன்றைப் புதிதாக எடுத்திருந்தேன். நல்ல வண்டி. ஒரு குறையும் இல்லாத வண்டி. அதுதான் என் மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன் செங்கோடன். போர்வெல் ரிக் லாரிகளுக்குப் பட்டறை வைத்திருந்தார். என் வண்டியைப் பார்த்ததும் அவர் முகம், பத்தியச் சாப்பாடு சாப்பிடுகிறவனைப் பார்த்த முகம்போல ஆகிவிட்டது.

“ஏனுங்க மாப்ள, இப்புடியேவா ஓட்டறீங்க?”

“ஏனுங்க மச்சான், என்ன கொறை?”

“கம்பெனிக்காரன் பாதி வண்டிதானுங்க அனுப்புவான். மீதிய நாமதான் செய்யோணும்.”

இந்த நம்பிக்கை உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால், நாமக்கல் பக்கம் லாரி சேசிஸ் வந்து இறங்குவதைப் பார்த்திருக்க வேண்டும். எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், அவ்வளவுதான். கூரையும் இருக்காது, கதவும் இருக்காது. ஒரு பலகையில் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாயில் பூச்சி போகாமல் உதட்டை இறுக்கியபடி டிரைவர் எங்கிருந்தோ ஓட்டிக்கொண்டு வருவார். பாடி கட்டுவதெல்லாம் இங்கேதான். இதையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு, முழுசாக வந்திறங்கும் வண்டியைக் கண்டால் யாரோ ஏமாற்றிவிட்டதுபோலத் தோன்றும். நானும் அந்த மண்ணில் பிறந்தவன்தானே. சரி என்று சாவியைக் கொடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், எதிரே வரும் லாரிக்காரர்கள் என்னைக் கண்டு கொஞ்சம் ஒதுங்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

நாலு நாள் பட்டறையில் நின்றது. பின்னாலிருந்த ஸ்பிரிங் அடுக்கில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு இரும்பு பிளேட் கூடுதலாக ஏற்றினார் மச்சான். ஷாக் அப்சர்பரைப் பிடுங்கிவிட்டுக் உலக்கையையும்விடத் தடித்த ஒன்றை வைத்தார். அகலமான வீல், அதில் கரடுமுரடான பட்டன் டயர். எல்லாம் முடிந்ததும் சோதனை நடந்தது. மச்சான் பின்பக்கம் ஏறிக் குதித்தார். வண்டி அசையவில்லை. பட்டறை ஆட்கள் ஆறு பேரும் ஏறிச் சேர்ந்து குதித்தார்கள். அப்போதும் அசையவில்லை.

“பாத்தீங்களா, கல்லு!” என்றார் மச்சான். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். கல்லின் மேல் உட்கார்ந்து தினம் அறுபது கிலோமீட்டர் போகப்போகிறவன் நான்தான் என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

முதல் நாளே உறைத்தது. ரோட்டில் ஒரு கொய்யாப்பழம் கிடந்தாலும் அது என்ன ரகம் என்று என் முதுகு சொல்லும். வேகத்தடையில் தலை கூரையில் முட்டும். ரேடியோ தானாக வேறு ஸ்டேஷனுக்குப் போய்விடும். என் மனைவி ஒரே ஒரு முறை அவள் அம்மா வீட்டுக்குப் போக ஏறினாள். பாதி வழியில் நிறுத்தச் சொல்லி இறங்கி, “நீங்க போங்க, நான் பஸ்ஸுல வாரேன்” என்றாள். அண்ணன் செய்த வேலை என்பதால் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இடுப்பை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

சிக்கலும் அந்த முதல் நாளே வந்தது. என் ஆறு ஊர்களில் ஒன்றில் பாவாயக்கா என்று ஒருவர் இருந்தார். ஐந்து எருமை வைத்திருந்தார். மற்ற ஐந்து ஊர்களிலும் வீடுவீடாக வாங்கிய மாட்டுப்பால் கேன் வாய்வரை நிறைந்து வரும். அக்கா மட்டும் தன் எருமைப்பாலோடு இன்னொருவர் பாலைச் சேர்க்க விடமாட்டார். அதனால் அவர் கேன் எப்போதும் முக்கால்தான் இருக்கும். அந்தப் பாலில் கொழுப்பு ஏழு சதவீதத்துக்குக் கீழே இறங்கியதே கிடையாது. ஊரில் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதுகூட, “பாவாயி ஊட்டுப் பால் மாதிரி குடும்பமுங்க” என்று சொல்லிப் பெண் கேட்பார்கள். அப்படிப்பட்ட பேர்.

அந்த முதல் நாள், சென்டரில் பால் பரிசோதிக்கிறவர் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், புதிதாக வந்தவர்.

“இதுல நாலரைதாங்க இருக்கு. தண்ணி கலக்கல. ஆடைய எடுத்துட்டு அனுப்புறாங்க.”

அடுத்த நாளும் அதே நாலரை. மூன்றாம் நாள் கேனை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். பால் திரும்பி வருவதென்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. நிச்சயித்த பெண் வேண்டாம் என்று தட்டு திரும்பி வந்ததுபோல. தெருவே வாசலில் நின்று பார்த்தது. அக்கா கேனை இறக்கவில்லை. கை வைக்காமல் நின்றார்.

“என்ற எருமைய நேர்ல ஓட்டியாந்து காட்டட்டுமா அவனுக்கு?”

அங்கேதான் நான் என் வாழ்க்கையின் மகா முட்டாள்தனத்தைச் செய்தேன். துப்பறிகிறவன்போலக் குரலைத் தாழ்த்தி, “அக்கா, கோவிச்சுக்காதீங்க. சாயங்காலப் பால்ல ஆடை கீடை எடுத்தீங்களா? என்கிட்டச் சொன்னா யாருக்கும் தெரியாது” என்றேன்.

வசவு வரும் என்று காத்திருந்தேன். அக்கா திரும்பி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் கேனோடு தானும் வருவதாகக் கிளம்பி நின்றார். முன்னால் உட்காரச் சொன்னேன். “என்ற பால் எங்கயோ அங்கதான் நானு. வழியில யாரு எடுக்கறாங்கன்னு பாக்கோணுமல்ல?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் கேட்டதற்கு இது சரிதான். மச்சான் புண்ணியத்தில் வண்டியின் பின்பக்கம் என் நெஞ்சுயரம் இருந்தது. அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு பெண்கள் கீழிருந்து தள்ள, அக்கா ஏறினார். கேனை இரண்டு காலாலும் கவ்விக்கொண்டு மூடியின் மேல் கை வைத்து உட்கார்ந்தார்.

நான் எவ்வளவோ மெதுவாகத்தான் போனேன். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அக்கா ஒரு முறை மேலே இருந்தார், ஒரு முறை கீழே இருந்தார். சென்டரில் இறங்கும்போது கொண்டை அவிழ்ந்திருந்தது, ஒரு செருப்பைக் காணவில்லை, வெற்றிலைப் பை காலியாக இருந்தது. ஆனால் மூடியிலிருந்து கை மட்டும் எடுக்கவில்லை. பரிசோதகரைக் கூப்பிட்டு, அவர் முன்னால் தானே மூடியைத் திறந்தார்.

மூடியின் உள்பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று வெண்ணெய். பாலின் மேலும் மணிமணியாக மிதந்தது.

அக்கா ஒரு விரலால் வழித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். “இந்தா, நீ கேட்ட ஆடை.”

பிறகு திரும்பி என் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். “இவன் வண்டி ஓட்டலீங்க. மத்து ஓட்டறான்.”

சென்டரே சிரித்தது. நிறைந்த கேன்களில் பால் அலையாட இடமில்லை. முக்கால் கேனில் தாராளமாக இருந்திருக்கிறது. இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்றால், திறந்த கையோடு மூடியை வெந்நீரில் போட்டுவிடுவார்கள், மேலே மிதப்பதை நுரை என்று ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து பால் எடுத்துப் பரிசோதிப்பார்கள். மூடி கழுவுகிறவர் மட்டும் அந்த மூன்று நாளும் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

பிளேட்டை இறக்கச் சொல்லி மச்சானிடம் போனேன். அவர் மனம் புண்பட்டுவிட்டது. “நான் ஏத்துன பிளேட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் இறக்குனதில்லீங்க. பிளேட்ல தப்பில்ல மாப்ள. உங்க லோடுதான் பத்தல.” மாமனார் வீட்டுச் சண்டை வேண்டாமென்று இருபது மூட்டை மணலை ஏற்றிக்கொண்டேன். வண்டி கொஞ்சம் அமுங்கியது, குலுக்கல் குறைந்தது. பால் வண்டியில் தினம் இருபது மூட்டை மணல் திருச்செங்கோடு போய்த் திருச்செங்கோட்டிலிருந்து திரும்பி வந்தது. நான் எங்கோ ரகசியமாக வீடு கட்டுகிறேன் என்று பேசிக்கொண்டார்கள்.

மணலைவிட ஆள் நல்ல கனம் என்று கண்டுபிடித்தது பாவாயக்காதான். சந்தைக்கும் மலைக்கோயிலுக்கும் போகிறவர்களைச் சும்மா ஏற்றிக்கொள்ளச் சொன்னார். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது தெரியும், இத்தனை வருடம் கழித்து யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன். ஆள் பொறுக்குவது அக்கா. “நீ வா சாமி, நல்ல கனம். ஒல்லிக்குச்சி எல்லாம் பஸ்ஸுக்குப் போங்க.” ஊரில் குண்டாக இருப்பவர்களுக்கு அப்படியொரு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. கொழுப்பு மறுபடி ஏழுக்கு வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்றிலிருந்து தினமும், கேனை ஏற்றுவதற்கு முன் அக்கா மூடியைத் திறந்து என்னிடம் காட்ட ஆரம்பித்தார். “பாத்துக்குங்க. ஆடை இருக்குதா? இருக்குதுங்களா?” அதுவரை என்னைச் சாமி என்றும் நீ என்றும் பேசியவர், வாங்க போங்க என்று பேசினார். முதல் வாரம் சிரித்தேன். அடுத்த மாதம், “விடுங்கக்கா, தெரியாமக் கேட்டுட்டன்” என்று கெஞ்சினேன். “ஆத்தூர்க்காரன் கேட்டான், அவனுக்கு என்னையத் தெரியாது” என்றார். மழையோ பனியோ, எட்டு வருடம், ஒரு நாள் தவறாமல் மூடி திறந்தது. ஒவ்வொரு நாளும் நான் குனிந்து பார்த்து, “இருக்குதுங்கக்கா” என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போதெல்லாம் வெட்கமாக இருக்கும்.

அப்புறம் ஊரிலேயே பால் குளிர வைக்கும் தொட்டி வரப்போகிறது, டேங்கர் வந்து உறிஞ்சிக்கொள்ளும் என்றார்கள். என் வண்டிக்கு வேலை முடிந்தது. கடைசி நாள் காலையில் அக்கா கேனைக் கொண்டுவந்து வைத்தார். நான் வழக்கம்போலக் குனிந்தேன். அவர் மூடியை இன்னும் இறுக்கி அழுத்தினார்.

“காட்டலீங்களாக்கா?”

“ஏத்து சாமி, நேரமாச்சு. உன்னயத் தெரியாதா எனக்கு.”

அன்று வழியெல்லாம் எனக்குக் கண் கலங்கி ரோடு சரியாகத் தெரியவில்லை. வண்டி குலுங்கியதால் என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

அந்தப் பிக்கப்பை மேச்சேரிப் பக்கம் ஒருவர் செங்கல் ஏற்ற வாங்கிப்போனார். செங்கலுக்கு அது மிக நல்ல வண்டி என்று போனில் புகழ்ந்தார். மச்சானுக்கு அவ்வளவு சந்தோஷம். பாவாயக்கா போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது, எருமைகளை மகன் விற்றுவிட்டார். இப்போது மெஷின் ஒரு நிமிடத்தில் கொழுப்பைச் சொல்லிச் சீட்டை நீட்டுகிறது. யாரும் யாரையும் கேட்பதில்லை, யாரும் யாருக்கும் திறந்து காட்டுவதும் இல்லை. அந்த ஊரில் போய்க் கேன் என்று கேட்டால் தண்ணீர்க் கேனை எடுத்து நீட்டுகிறார்கள்.