போகாமலே போய்வந்தவர்

வெளிநாடு போய்த் திரும்பும் அரசு அதிகாரி பயண அறிக்கை தர வேண்டும் என்பது விதி. அதை அவரே எழுத வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. இந்தச் சந்தில்தான் என் நண்பர் தம் உத்தியோக காலத்தைக் கழித்தார்.

எங்கள் அமைச்சகத்தில் உலகக் கண்காட்சிக் கோப்புகள் அவர் பிரிவில் இருந்தன. நம் நாட்டு அரங்கு எங்கே, அதில் என்ன வைப்பது, யார் யார் போவது எல்லாம் அவர் கை வழியாகத்தான் நகரும். போவது மட்டும் மேலே உள்ளவர்கள். திரும்பி வந்ததும் ஒரு பை நிறையப் பிரசுரங்களையும் பிரிவுக்கு ஒரு சாக்லேட் டப்பாவையும் அவர் மேஜையில் வைத்து, "கொஞ்சம் பாத்து எழுதிடுங்க" என்பார்கள். அவர் பார்த்து எழுதுவார், 'நான்' என்று தொடங்கி. வாசலில் பெய்த மழை, வரிசையில் முன்னால் நின்றவரின் குடை, சாயங்காலம் அரங்குகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவது என்று பிரசுரத்தில் இல்லாதவை எல்லாம் அறிக்கையில் இருக்கும். கையெழுத்துப் போட்டவர்கள் அதைப் படித்து, நாம் இவ்வளவு பார்த்தோமா என்று வியந்திருப்பார்கள். படித்திருந்தால்.

நான் பக்கத்து அறையில் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். யாருக்காவது விதியில் சந்தேகம் என்றால் என்னிடம் வருவார்கள். விதியில் சந்து வேண்டும் என்றாலும் என்னிடம்தான். ஓய்வுக்குப் பிறகு இருவரும் மயூர் விஹாரில் ஒரே அடுக்குமாடி சொசைட்டியில் இருக்கிறோம். தில்லியில் தலை நரைத்த பிறகும் அவர் பேச்சில் திருநெல்வேலி 'வே' நரைக்கவில்லை.

ஒசாகாவில் உலகக் கண்காட்சி நடந்த வருடம் அவருக்கு மறதி தொடங்கியிருந்தது. டாக்டர் அதற்குச் சொன்ன பெயரை அவர்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. ஒருநாள் அவர் மனைவி லிஃப்ட் வாசலில் என்னை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, இவுகளை ஒரு தடவயாவது அங்க கூட்டிட்டுப் போயிரணும். ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் எழுதிக் குடுத்தாக. இன்னும் கொஞ்ச நாள் போச்சுன்னா, முன்னால கொண்டு நிறுத்துனாலும் என்னன்னு தெரியாது."

"மூணு பேருமா போவோம். ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு" என்றேன்.

ஏற்பாடு எனக்குப் பிடித்த வேலை. நுழையும் நாளுக்கும் நேரத்துக்கும் முன்பதிவு. பெரிய அரங்குகளுக்குக் குலுக்கல். அதில் விழாதவர்களுக்கு இன்னொரு குலுக்கல். இப்படி ஒரு முறையை நாங்கள் வகுத்திருந்தால் ஜனங்கள் கல்லை எடுத்திருப்பார்கள். ஜப்பான்காரன் வகுத்ததால் அதற்கு ஒழுங்கு என்று பெயர். எனக்கு அது சொந்த வீட்டுக்குள் நடப்பது போல இருந்தது.

கண்காட்சி வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து அவர்கள் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். நண்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"வடக்கு வாசல் வழியா போயிருவோம் வே. அங்கதான் கூட்டம் இருக்காது. குளத்துக் காத்து மட்டும் சில்லுன்னு அடிக்கும். ஸ்வெட்டர் எடுத்துக்கிடும்."

ஒசாகாவில் வடக்கு வாசலே இல்லை. குளத்துக் காற்று எனக்குத் தெரிந்த காற்று. இருபது வருடத்துக்கு முன் ஜப்பானில் வேறொரு ஊரில் நடந்த கண்காட்சிக்கு எங்கள் இணைச் செயலாளர் போய்வந்தார். அவருக்காக இவர் எழுதிய அறிக்கையில் அது வீசியது.

அடுக்களையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "நீக எப்ப அங்க போனீக?"

"எத்தன தடவன்னு கேளு" என்று சிரித்தார்.

அதன்பிறகு நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் பேச்சில் ஒரு கண்காட்சி திறந்திருக்கும். மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதில் தடுமாறுகிறவர், அங்கே ஒரு திருப்பத்தில்கூடத் தடுமாறவில்லை. என் தோளுக்குப் பின்னால் ஓரிடத்தைப் பார்த்தபடி பேசுவார். வேண்டாம் என்று நினைத்தும் இரண்டொரு முறை திரும்பிப் பார்த்தேன். அலமாரிதான் இருந்தது.

விசா மையத்துக்கு மூவரும் போனோம். படிவத்தை நானே நிரப்பியிருந்தேன். அவர் கையெழுத்து மட்டும் பாக்கி. கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. சரிபார்த்துக்கொண்டே இந்தியில் கேட்டாள். "அங்கிள், இதுக்கு முன்னாடி ஜப்பான் போயிருக்கீங்களா?"

"போயிருக்கேன்" என்றார்.

"இதுல இல்லைன்னு இருக்கே?" பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். புதிது. எல்லாப் பக்கமும் வெள்ளை.

நண்பர் அதை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். கடைசிப் பக்கம் வந்ததும் முதலிலிருந்து தொடங்கினார்.

"பரவாயில்ல அங்கிள். இல்லைன்னே இருக்கட்டும். கையெழுத்துப் போடுங்க, போதும்."

"போயிட்டு வந்தவன் போகலைன்னு கையெழுத்துப் போடுறதா?" பேனாவை மூடி வைத்தார். "பொய்யான தகவல் குடுக்கக் கூடாதுன்னு கீழ போட்டிருக்கு பாரும். விதி தெரிஞ்சவருதான, நீரே சொல்லும்."

விதி அவர் பக்கம் இருந்தது.

அவர் மனைவி அவர் கையைப் பிடித்தார். "ஒரு கையெழுத்துதான. போட்டுட்டா போயி நேர்ல பாத்துரலாம்."

"எதுக்கு இன்னொரு தடவ?" என்றவர், என் பக்கம் விரலை நீட்டி அந்தப் பெண்ணிடம் இந்தியில் தொடர்ந்தார். "இவரும் கூட வந்தாரு. ஆனா திரும்பி வரல. எல்லாரும் வாசல்ல நின்னு பாத்தோம். உள்ள விளக்கெல்லாம் அணைச்சுட்டாங்க. இவர விட்டுட்டு வந்துட்டோம்."

இது எந்த அறிக்கையிலும் இல்லை. அவற்றை நான் படித்திருக்கிறேன்.

அந்தப் பெண் சிரிக்க முயன்று என்னைப் பார்த்தாள். திரும்பி வராத ஒருவரைப் பார்ப்பது போல அவளுக்கு இருந்திருக்க வேண்டும், உடனே குனிந்துகொண்டாள். நான் அவர் மனைவியைப் பார்த்தேன். அவர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைக்கத் தொடங்கியிருந்தார்.

"விட்டுருங்க அண்ணாச்சி. வீட்டுக்குப் போவோம். பாத்துட்டாகன்னே இருக்கட்டும்."

மெட்ரோவில் முதியோர் இருக்கையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் மனைவி எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றார். வண்டி யமுனை மேல் ஏறியபோது நண்பர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை சில்லென்று இருந்தது.

"எப்ப வே திரும்பி வந்தீரு?"

"இப்பதான்" என்றேன்.

என் முகத்தை நெடுநேரம் சரிபார்த்தார். பிறகு மனைவியிடம் சொன்னார். "இவர் மேல ஒரு கண்ணு வச்சுக்கோ. விட்டா மறுபடி அங்கயே போயிருவாரு."

மயூர் விஹார் வரும்வரை அவர் பிடியை விடவில்லை. நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.