பலாமரத்துப் பையில் வந்த அப்டேட்

ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்... தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். கரண்டு போய்விட்டிருந்தது. ஒரு வண்டு இரண்டாகி, இரண்டு பத்தாகி, டப்பாவே மேசைமேல் நகர ஆரம்பித்தது.

செல்போன் ரிப்பேர்க் கடைக்காரனிடம் யாரும் "இது எப்படிக் கெட்டது?" என்று கேட்பதில்லை; "நீ தொட்டப்புறம்தான் கெட்டது" என்றுதான் சொல்வார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும், வீட்டில் எல்லோருடைய ஃபோனையும் பார்த்துக்கொடுக்கும் பாவப்பட்டவர்களுக்கும் இது தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒட்டுமொத்தக் காய்ச்சல்

ஜவ்வாது மலைமேல், பஸ் திரும்பும் இடத்தில் என் கடை. பகலில் வோல்டேஜ் குதிக்கும், நெட்டு நொண்டும். அதனால் நான் ராத்திரி வேலைக்காரன். கடைசி பஸ்ஸில் ஃபோன்கள் வந்து இறங்கும், முதல் பஸ்ஸில் திரும்பிப் போகும். இந்த வேலையை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முதலில் என் ஃபோனைக் கெடுத்தேன், அப்புறம் மச்சான் ஃபோனை. மனைவியும் பையனும் அவன் படிப்புக்காகக் கலசப்பாக்கத்தில் இருக்கிறார்கள். நான் பகலில் தூங்கப் படுத்து, தூக்கம் வராமல் கடைக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பேன்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம். புளி சீசன். சார்ஜ் ஓட்டைக்குள் அடைந்திருந்த புளித்தூசியையும் நாரையும் பழைய பல் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் கரண்டு போனது, டப்பா இரைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். டப்பாவில் இருந்த அத்தனை ஃபோனும் ஒளிர்ந்தன. அத்தனையிலும் ஒரே வாசகம்: முக்கியமான பாதுகாப்பு அப்டேட், இப்போதே நிறுவவா, பிறகு நினைவூட்டவா? எங்கள் பக்கம் ஒருத்தர் ஒரு மாடல் வாங்கினால் ஊரே அதைத்தான் வாங்கும். அதனால் வியாதி வந்தாலும் மருந்து வந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகத்தான் வரும். போட்டு ஒன்று கெட்டால் ஊரே கெடும்; போடலாமா, வேண்டாமா? பக்கத்து டீக்கடை சரசக்கா மெழுகுவத்தியோடு எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "இன்னா தம்பி, உன் ஃபோனுங்களுக்கு ஒட்டுமொத்தமா குளிர் ஜொரமா?"

குரங்குக்கு ஒரு பூட்டு

அந்த டப்பா ஃபோன்கள் எல்லாம் பொன்னுசாமியண்ணன் ஊருடையவை. அந்த ஊரில் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு பலாமரத்து உச்சியில் மட்டும் உண்டு. ஊர் ஃபோன்களை எல்லாம் ஒரு பையில் போட்டு, கயிறு கட்டி மரத்தில் ஏற்றிவிடுவார்கள். முறை வைத்து ஒருத்தர் மரத்தடியில் இருப்பார். பையை இறக்கி, ஒவ்வொரு ஃபோனையும் திறந்து, யாருக்கு என்ன செய்தி என்று பார்த்து, வீடு வீடாகப் போய்ச் சொல்வார். அப்போது பொன்னுசாமியண்ணன் முறை. சாமை அறுவடையிலும் புளி உலுக்குவதிலும் எப்படியோ அப்படித்தான் இதிலும். எடுத்த வேலையில் ஒன்று பாக்கி இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

அன்று டப்பா ஃபோன்களை வாங்கிப்போகக் கடைசி பஸ்ஸில் வந்தவரிடம், "அண்ணே, எல்லாத்துலயும் லாக் போட்டிருக்கே, நீங்க எப்படித் தொறக்கிறீங்க?" என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் ஒரே நம்பருதான், தம்பி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர் முழுக்க ஒரே சாவி! பாதுகாப்பு அப்டேட்டைப் போடலாமா வேண்டாமா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன், இங்கே கதவே இல்லை. "அப்புறம் எதுக்குண்ணே பூட்டு?" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "மரத்துல கொரங்கு இருக்குது இல்ல, தம்பி? அது தொறந்துடக் கூடாது பாரு."

ஓட்டை

புளி மூட்டை ஏற்றும் வேன் டிரைவர் கோவிந்தன் டீ குடித்துக்கொண்டே வந்து தன் ஃபோனை நீட்டினான். அவனுக்கும் அதே அறிவிப்பு. "இதைப் போட்டா இன்னா ஆவும்?" என்றான். உங்களிடமும் கேட்டிருப்பார்கள். நானும் நீங்கள் சொல்வது போலத்தான் சொன்னேன்: ஃபோனுக்குள்ளே ஒரு ஓட்டை இருக்கிறது, அது வழியாகத் திருடன் வரலாம், கம்பெனிக்காரர்கள் அதைக் கண்டுபிடித்து அடைக்கிறார்கள்.

கோவிந்தன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். அவன் முகம் வெளுத்துப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னைப் பார்த்துக் கேட்டான்: "அப்போ இத்தினி நாளா ஓட்டையோடதான் வித்தானுங்களா?"

யார் வூட்டுக் கல்யாணம்?

பொன்னுசாமியண்ணன் தன் ஃபோன் அடுப்பு மாதிரி சுடுகிறது என்றார். வாங்கித் திறந்தேன். உள்ளே எனக்குத் தெரியாத ஒரு ஆப் ஒளிந்துகொண்டிருந்தது. வருகிற மெசேஜை எல்லாம் படித்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. பெயர் என்ன தெரியுமா? கல்யாணப் பத்திரிகை. யாரோ பத்திரிகை என்று ஒரு ஃபைல் அனுப்பியிருக்கிறார்கள். இவர் தொட்டிருக்கிறார். இது ஆபத்தானது, வேண்டாம் என்று ஃபோனே எச்சரித்திருக்கிறது. இவர் 'பரவாயில்லை' என்பதை அழுத்தியிருக்கிறார். மெசேஜைப் படிக்கட்டுமா என்று அது கேட்டிருக்கிறது, சரி என்றிருக்கிறார். பத்திரிகை திறக்கவே இல்லை. கண்ணுக்குத் தெரியவில்லை போல என்று மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறார்.

டப்பாவில் இருந்த மற்ற ஃபோன்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே பத்திரிகை. இவர் ஃபோனிலிருந்தே எல்லோருக்கும் போயிருக்கிறது, பையை இறக்கிய இவரே எல்லோருக்காகவும் திறந்து பார்த்திருக்கிறார். "பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாருன்னு தெரியாமயா அழுத்துனீங்க?" என்று கத்திவிட்டேன். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது: "பத்திரிகை வெச்சவன்கிட்ட நீ யாருன்னு கேட்டுட்டு வாங்குறதா? அது மரியாதையா, தம்பி?"

போடலாம், இது ஒன்றைத் தவிர

இனி யோசிக்க ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தேன். பத்திரிகையை எல்லா ஃபோனிலிருந்தும் பிடுங்கி எறிந்தேன். அப்டேட்டையும் இறக்கி வைத்தேன். இதைப் போட்டால் இந்த மாதிரி திருட்டுப் பத்திரிகை மறுபடி அவ்வளவு சுலபமாக உள்ளே வராது. "காலையில சார்ஜ் ஏறினதும் எல்லாத்துலயும் இந்தப் பட்டனை அழுத்திடுங்க. ஒண்ணுகூட விடாதீங்க" என்று அண்ணனிடம் அழுத்திச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஃபோன்களைப் பையில் அள்ளிக்கொண்டு ஊர்க்காரர்களிடம் பேச டீக்கடைப் பக்கம் போனார்.

அவர் போனதும், அவரோடு வந்திருந்த மகள் சத்யா தனியாகத் தன் ஃபோனோடு உள்ளே வந்தாள். கலசப்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடை கவுன்டரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது, திங்கட்கிழமை சேர வேண்டும். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் காது மந்தம். ஒரு முகாமில் காது மிஷின் கொடுத்திருந்தார்கள். அதன் அளவைக் கூட்டிக் குறைப்பதெல்லாம் ஃபோனில் இருந்த ஒரு ஆப் வழியாகத்தான். வூட்டுக்கு ஒரு அளவு, பஸ்ஸுக்கு ஒரு அளவு, தூரத்துச் சத்தமும் கேட்க வேண்டிய வெளிக்காட்டுக்கு இருப்பதிலேயே பெரிய அளவு. வெளிக்காட்டு அளவை வைத்துக் காட்டி, "டீக்கடை அத்தை அடுப்புல பால் பொங்குது, கேக்குது சித்தப்பா" என்றாள். அந்தப் பக்கம் உண்மையிலேயே பால் பொங்கி வழிந்தது.

அந்த ஆப்பைத் தேடிப் பார்த்தேன். செய்த கம்பெனியே இப்போது இல்லை. வேறு ஃபோனில் ஏற்ற வழியில்லை. பழைய சிஸ்டத்துக்காகச் செய்தது. புதியதில் ஓடுமா என்று சொல்ல ஆள் இல்லை. போட்டுப் பார்த்து ஓடவில்லை என்றால் பழையதற்குத் திரும்பவும் முடியாது. போடாவிட்டால், அந்தப் பத்திரிகைக்காரன் இந்த ஃபோனுக்கும் வருவான். ஒரு பக்கம் ஓட்டை, ஒரு பக்கம் காது. நான் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். அவளும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். சிம்மைக் கழற்றி வேறொரு பட்டன் ஃபோனில் போட்டுக்கொள்வது. இந்த ஃபோன் இனி பலாமரத்துக்குப் போகாது, நெட்டுக்குப் போகாது, அப்டேட்டும் கிடையாது. கூட்டாளிகளோடு படம், வீடியோ எல்லாம் அதில்தான். ஒரு படத்தைத் திறந்து பார்த்து மூடினாள். அப்புறம் சிம்மை அவளே கழற்றி என் கையில் கொடுத்தாள். திரும்பிப் போக நின்ற பஸ் ஹாரன் அடித்தது. அளவைக்கூடக் குறைக்காமல் ஓடினாள். ஓடும்போது சொன்னாள்: "இன்னையிலிருந்து இது ஃபோன் இல்ல சித்தப்பா, என் காது."

பாக்கி ஒன்று

மறுநாள் முதல் பஸ். பொன்னுசாமியண்ணன் இறங்கினார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகம். பின்னால் சத்யா, இரண்டு காதிலும் மிஷின், முகத்தைச் சுளித்துக்கொண்டு. "முடிச்சிட்டேன், தம்பி" என்று பையை என் மேசைமேல் வைத்தார். "விடியற்காலையிலேயே உக்காந்து ஒவ்வொண்ணா அழுத்தினேன். கடைசியில எண்ணிப் பார்த்தா ஒண்ணு பாக்கி. எதுடான்னு தேடினா, இது தலகாணிக்கு அடியில கெடக்குது!"

அது சத்யாவின் ஃபோன். சிம் இல்லாவிட்டால் என்ன, முந்தைய நாளே அப்டேட் தானாக இறங்கி வந்து பட்டனுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நானும் அவளும் அதைப் பார்க்கவும் இல்லை, பஸ் அவசரத்தில் அண்ணனிடம் சொல்லவும் இல்லை. பூட்டு? அதே ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சத்யாவும் அப்போதுதான் கேள்விப்படுகிறாள். ஃபோனைப் பிடுங்கி ஆப்பைத் தொட்டாள். இது பழைய சிஸ்டத்துக்கானது, இயங்காது என்று ஒரு வரி வந்தது. மறுபடி தொட்டாள். அதே வரி. அண்ணன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நீதானே தம்பி ஒண்ணுகூட விடாதேன்னே?" என்றார்.

"சத்யா" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றாள். போச்சு, திங்கட்கிழமை கவுன்டரில் நின்று மருந்துச் சீட்டில் எழுதாததை எல்லாம் எப்படிக் கேட்பாள்? சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, எனக்கே கேட்காத அளவுக்கு மெல்ல, "கூறுகெட்ட மனுசன்" என்று முணுமுணுத்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "எங்கப்பாவ இன்னாத்துக்கு சித்தப்பா திட்டுறீங்க?"

சரசக்காவின் கவலை

ஆப்தான் செத்திருக்கிறது. மிஷின் கடைசியாக வைத்த அளவை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைசியாக வைத்தது, முந்தைய நாள் என் கடையில் எனக்குக் காட்ட வைத்த வெளிக்காட்டு அளவு. ராத்திரி பஸ் ஏறியதுமே மிஷினைக் கழற்றிவிட்டாளாம்; காலையில் பஸ்ஸில் மாட்டியபோது இன்ஜின் காதுக்குள் ஓடுகிற மாதிரி இருந்ததாம், ஃபோன் அப்பா பையில் இருந்ததால் இங்கே வந்து குறைக்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாளாம். இனிக் குறைக்க வழியில்லை. வேலூரில் காது டாக்டர் யாராவது பார்த்து வேறு மிஷின் வைக்கும்வரை மலையில் இலை விழுந்தாலும் அவளுக்குக் கேட்கும். கவுன்டரில் அதைத் தாங்க முடியுமா என்று பார்க்க, முதல் பஸ் கும்பலில் சரசக்கா கடை முன்னால் போய் நின்றாள். ஒருத்தர் சர்க்கரை கம்மி, ஒருத்தர் டீ இல்லை பால், ஒருத்தர் பார்சல் என்று எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள். கண்ணில் தண்ணீர் வர, ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னாள். "வலிக்குதும்மா?" என்று அண்ணன் கேட்டார். "வலிக்குதுப்பா. கேக்குது. திங்கக்கெழமை போறேன்" என்றாள்.

அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு டீயைக் கையில் கொடுத்துவிட்டு, சரசக்கா என் காதருகில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தெரு முனைக்குப் போயிருந்த சத்யா திரும்பிப் பார்த்தாள். அக்கா சட்டென்று வாயை மூடிக்கொண்டு, அப்புறம் உரக்கவே சொன்னாள்: "ஐயோ, இனிமே இந்த ஊர்ல யாரப் பத்தி எங்க போயி பேசறது?"

அப்டேட் போடலாமா வேண்டாமா என்று நாம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே, நம்மேல் அக்கறை உள்ள யாரோ ஒருவர் அதைப் போட்டு முடித்திருப்பார்.

பஸ் போனது. நான் டப்பாவை இழுத்து வைத்து, பல் பிரஷ்ஷை எடுத்து, மிச்சமிருந்த ஃபோன்களில் புளித்தூசியைத் தட்ட ஆரம்பித்தேன்.