மருந்து வரியில் கை வைத்தேன்

வீட்டு வேலை, சமையல் வேலை செய்கிற பெண்கள் இப்போது போனிலேயே கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். நானும் வைத்தேன். அதில் நான் செய்த தப்பை எழுதி வைக்கிறேன். ஐந்தாவது வரை படித்தவள் எழுதுவது, முன்னே பின்னே இருக்கும்.

1. முதல் நாள்

ராஜா அண்ணாமலைபுரத்தில் ரம்யா மேடம் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தங்கமானவர். ஒரு நாள் நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது என் போனை வாங்கி, கட்டம் கட்டமாக ஒரு எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்தார்.

“இதுல வரவு, செலவு எல்லாத்தையும் போட்டுண்டே வாங்கோ சரோஜாம்மா. கடைசிக் கட்டம் க்ரீன்னா மிச்சம். ரெட்னா இழுக்கறதுன்னு அர்த்தம். எனக்கும் என் போன்லயே தெரியும்.”

மேல் வரியில் ‘ரம்யா மேடம் வீடு 6,000’ என்று அவரே அடித்தார். நான் சேர்ந்த நாளில் பேசிய அதே சம்பளம். அவர் விரல் அந்த வரியைத் தாண்டிக் கீழே போயிற்று. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் கேட்டு வாங்க வராது.

இன்னும் இரண்டு வீடு சேர்த்து மாதம் 13,500. செலவை எல்லாம் போட்டு முடித்தபோது கடைசிக் கட்டம் சிவப்பாகிவிட்டது. மைனஸ் 780.

முன்பெல்லாம் அந்தத் துண்டு விழுவதை அங்கே இங்கே கைமாற்று வாங்கி ஓட்டிவிடுவேன். வெளியே யாருக்கும் தெரியாது. இப்போது மேடத்துக்குத் தெரிந்துவிட்டது.

“எங்கயாவது கொஞ்சம் கொறைக்க முடியுமான்னு பாருங்கோ” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்பாகச் சொன்னார். கூசிப்போனேன்.

2. எந்த வரியைக் குறைப்பது

ஆற்றோரத்து வீட்டைக் கவர்மெண்டில் இடித்து எங்களை ஊருக்கு வெளியே நாலாவது மாடியில் கொண்டுபோய் வைத்தபோது, சாமான் வாங்கக் குழுவில் கடன் எடுத்திருந்தேன். வாரம் 900. பத்துப் பெண்கள் சேர்ந்த குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு தடவை நான் ஒரு நாள் தாமதித்தேன். எதிர்வீட்டு மல்லிகாதான் குழுத் தலைவி. படிக்கட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“இன்னாக்கா, உன் ஒர்த்தியால ஒம்போது பேரும் சோறு ஆக்காம குந்திகினு கீறோம். மயிலாப்பூர்ல வட சுட்டுக் குட்த்துட்டு இங்க வந்து எங்களுக்கு அல்வா குடுக்குறியா?”

ஆகவே அந்த வரியைத் தொட முடியாது. அரிசி, கேஸ், கரண்டு எதுவும் குறையவில்லை. மீதி இருந்தது ஒன்று: ‘ஊசி மருந்து 1,600’. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. காலையில் இருபது யூனிட், சாயங்காலம் இருபது யூனிட் என்று இன்சுலின் போட வேண்டும். பெரியாஸ்பத்திரியில் இலவசமாகத் தருவார்கள். ஆனால் அங்கே போய் வரிசையில் நின்றால் மூன்று வீட்டிலும் லீவு, சம்பளத்தில் பிடித்தம். அதனால் மெடிக்கலில் வாங்கிக்கொண்டிருந்தோம்.

1,600ஐ அழித்து 800 என்று போட்டேன். கட்டம் பச்சையாகிவிட்டது. மிச்சம் இருபது ரூபாய்.

அடுத்த நாள் மேடம் சிரித்துக்கொண்டே, “பாத்தேளா, நீங்களே பேலன்ஸ் பண்ணிட்டேளே!” என்றார். சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்றிலிருந்து பத்து, பத்துதான் போட்டேன். வீட்டுக்காரருக்குக் கண் மங்கல், ஊசியின் அளவுக் கோடு தெரியாது. ஆனாலும் இரண்டாம் மாதம் கேட்டார்.

“இன்னாமே, பாட்டில் தீரவே மாட்டேங்குது?”

“டாக்டரு கொறைக்கச் சொல்லிட்டாரு.”

“அப்ப சுகர் எறங்கிட்ச்சுனு சொல்லு!”

பிளாக் முழுக்கச் சொல்லி வைத்தார். டீக்கடையில் பல வருஷத்துக்குப் பிறகு சர்க்கரை போட்ட டீ குடித்தார். நான் தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் கேட்பாரே.

3. வார்டில்

நாலாம் மாதம் கால் கட்டை விரலில் கொப்புளம் வந்து கறுத்தது. ஒரு வாரத்தில் பாதம் வீங்கிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள்.

டாக்டரம்மா கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு, “டோஸைப் பாதியாக்கச் சொன்னது யாரு?” என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “எங்க ஏரியா கிளினிக்கு டாக்டருமா! கால் மட்டும் நல்லா இருந்தா இப்பவே போயி அந்தாள நாஸ்தி பண்ணிருவேன்!”

“கிளினிக் பேரு சொல்லுங்க. கம்ப்ளைண்ட் எழுதறேன்.” பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

அந்தக் கிளினிக் டாக்டர் எங்களிடம் பாதிப் பீஸ்தான் வாங்குவார். நான் நாலு பேர் நடுவில் பேசியதே இல்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

“எழுதாதீங்கம்மா. நான்தான் கொறைச்சேன்.”

போனைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். டாக்டரம்மா படித்துவிட்டுப் பேனாவை மூடினார். இவர் என் பக்கம் திரும்பினார்.

“எவ்ளோ மிச்சமாச்சு?”

“மாசம் எட்நூறு.”

“என்கிட்ட சொல்லியிருந்தா நானே வேணாம்னுருப்பனேமே. இல்லாங்காட்டி அந்த டீயாவது குடிக்காம இருந்திருப்பேன்.”

மறுநாளே அவர் காலை எடுத்துவிட்டார்கள்.

4. கற்றது

ரம்யா மேடத்திடம் சொன்னேன். “என்னண்ட கேட்டிருக்கலாமே” என்று அழுதார். கேட்டிருக்கலாம்தான். அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, அடுப்பைப் பார்த்தபடியே, சம்பளம் எட்டாயிரம் வேண்டும் என்றேன். ஏழரை கொடுக்கிறார்.

ஷீட்டில் செலவு வரி மட்டும்தான் நம் கையில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். மேலே இருக்கிற சம்பள வரியும் மாற்றுகிற வரிதான். அதை மாற்ற வாய் திறக்க வேண்டும், அவ்வளவுதான். சிவப்பு வந்தால் சிவப்பாகவே இருக்கட்டும். வீட்டில் இருக்கிறவர்களிடம் முதலில் காட்டுங்கள். மருந்து வரியில் கை வைக்காதீர்கள்.

இப்போது மருந்தை ஆஸ்பத்திரியிலேயே வாங்குகிறேன், லீவு போனால் போகட்டும். ஊசியை நான்தான் போடுகிறேன். ஆனால் மருந்தை ஏற்றியதும் இவர், “மல்லிகாவைக் கூப்டு, கோட்டைப் பாக்கட்டும்” என்பார். கோபமாகச் சொல்வதில்லை. அவள் கை துடைத்துக்கொண்டு எதிர்வீட்டிலிருந்து வரும்வரை நான் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறேன்.