எலியேசர் வாங்கிய இரண்டு பம்புகள்

புரிஸ்கால் மலைச்சரிவில் காப்பித் தோட்டம் வைத்திருந்த எலியேசருக்கு எழுபத்தோரு வயது. சிக்கனத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. மனைவி நிடியாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. படியேற முடியாதவளுக்காகக் கீழ்ப்பக்கம் ஓர் அறையும் கழிவறையும் கட்டினார். தலைநகர் சான் ஹோசேயில் இருந்த மகள் மரிசெல், "அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். "என் பொண்டாட்டி என் வீட்டுலதான் இருப்பா" என்றார் இவர்.

ஆனால் செப்டிக் டேங்க் மேட்டில் இருந்தது. கழிவைப் பம்பு வைத்துத்தான் மேலே ஏற்ற வேண்டும். கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று வெறுமனே தள்ளும். மற்றது கத்தி வைத்து அரைத்துத் தள்ளும், விலை இரட்டிப்பு.

"அரைக்கறதையே எடுத்துக்கோங்க, டொன் எலியேசர். காகிதம் கீகிதம் விழுந்தா அடைச்சுக்கும்."

"எங்க வீட்டுல காகிதத்தை யாருய்யா உள்ள போடுவா? கூடை எதுக்கு இருக்கு?"

அதுவும் நியாயந்தானே. துடைத்த காகிதம் கூடைக்கு என்பது அந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மலிவானதை வாங்கி மாட்டினார்.

மூன்றாம் வாரம் பம்பு அடைத்து, அழுக்குநீர் தரையெல்லாம் பொங்கியது. காப்பி குடிக்க வந்திருந்த பக்கத்து வீட்டார் முன்னால் பம்பைக் கழற்றி, அதில் சுற்றிக்கிடந்த காகிதத்தைத் தூக்கிக் காட்டினார் மனுஷன்.

"பாருங்க, என் பொண்டாட்டி பண்ணின வேலையை. ஏம்மா, இத்தனை வருஷமாத் தெரியாதா உனக்கு?"

மறுநாள் நிடியா மகளை வரச்சொல்லி, அவளோடு போய்விட்டாள்.

கழிவறையைக் கழுவும்போதுதான் அவர் கவனித்தார். கூடை வலப்பக்கம் இருந்தது, விழுந்துபோன கைப்பக்கம். வைத்தவர் அவரேதான். இடக்கையால் குறுக்கே எட்டினால் அவள் சாய்ந்து விழுந்திருப்பாள். பாவி மனுஷன், ஒரு வார்த்தை கேட்டாரா? ஈரத் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அந்த வாரமே அரைக்கும் பம்பை வாங்கி மாட்டிவிட்டு, போன் செய்தார்.

"நிடியா, நல்ல பம்பு போட்டாச்சு. காகிதத்தை உள்ளயே போடலாம், அரைச்சுடும். தப்பு என்மேலதான். வந்துடு."

அவள் குழறும் நாக்கால் நிதானமாகச் சொன்னாள். "சந்தோஷங்க. ஆனா நான் வரல."

"ஏன்?"

"அத்தனை பேர் முன்னாடி என் அழுக்கைத் தூக்கிக் காட்டினீங்களே. இனி அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? உங்க மூஞ்சிலயுந்தான்."

அவர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அவள் போனை மகளிடம் கொடுத்துவிட்டாள். ஐந்து மாதம் கழித்து நிடியா வீட்டுக்கு வந்தாள், சவப்பெட்டியில்.