ஏலிக்குட்டிக்குக் கிடைத்த பதில்

எங்கள் கேரளத்துப் பாலாப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில், கல்யாணத்துக்கு முன் மூன்று நாள் வகுப்பு முடிக்காத ஜோடிக்குப் பங்குச் சாமியாரான அச்சன் தாலி எடுத்துக்கொடுக்க மாட்டார். பதினைந்து வருடமாக அந்த வகுப்புக்கு முன்மாதிரித் தம்பதி, என் பக்கத்து வீட்டு ஏலிக்குட்டிச் சேச்சியும் அவிராச்சனும்தான். நான் அங்கே வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாட்டுக்கு அப்பம் சுடுகிறவள்.

சேச்சிக்கு ஒரே பாடம். கணவன்தான் தலை, யார்மேல் தப்பானாலும் பொழுது சாய்வதற்குள் மனைவி முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். கடைசியில், தினமும் ஜெபமாலை முடிந்ததும் வீட்டில் இயேசு பேரால் ஒருவருக்கொருவர் ஸ்துதி சொல்லிக்கொள்வதை மேடையில் செய்து காட்டுவார்கள். சேச்சி கைகூப்பி, "ஈசோவுக்கு ஸ்துதி" என்பாள். அவிராச்சன் தேனொழுகச் சிரித்து, "எப்போதும் ஸ்துதி, ஏலிக்குட்டி" என்பார். கல்யாணப் பிள்ளைகள் கைதட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் அந்த மனுஷன் அவளிடம் வாய் திறந்து பதினோரு வருடமாகிறது. மகள் நர்ஸிங் முடித்த பிறகுதான் கல்யாணம் என்று அவருடைய அண்ணன் தம்பிகள் முன்னால் சேச்சி சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் குற்றம். மகள் படித்து அயர்லாந்துக்கே போய்விட்டாள். இன்னும் ஒவ்வொரு சாயங்காலமும் சேச்சி ஸ்துதி சொல்வாள், அவர் எழுந்து கைகழுவப் போய்விடுவார்.

இந்த வருடம் வந்த இளம் அச்சன், இனிமேல் கொச்சியிலிருந்து டாக்டர் வந்து வகுப்பெடுப்பார், முன்மாதிரித் தம்பதி வேண்டாம் என்றார். சேச்சிக்கு முகம் செத்துவிட்டது. என்னையும் இழுத்துக்கொண்டு அச்சனைப் பார்க்கப் போனாள். இந்த வயதில் மேடை ஆசை எதற்கு என்று அவர் கேலி செய்தார்.

"மேடை யாருக்கு வேணும் அச்சோ? அங்க மட்டுந்தான் அவரு எனக்குப் பதில் சொல்றாரு."

அச்சன் வகுப்புப் பட்டியலை எடுத்துப் பிரித்தார். அவிராச்சனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பார் என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

"சரி சேச்சி, அடுத்த மாசமும் நீங்களே எடுங்க."

சேச்சி அவர் கையை முத்தமிட்டாள்.

அடுத்த வகுப்பில் முப்பது ஜோடி. மூன்றாவது வரிசையில் என் மகள் ஜெஸ்மியும் அவளுக்கு நிச்சயித்த பையனும். சேச்சி பாடம் சொன்னாள், ஸ்துதி சொன்னாள், பதில் வந்ததும் கண் கலங்கினாள். ஜெஸ்மி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "ஏலிக்குட்டி ஆன்ட்டி மாதிரி வாழணும்மா" என்றாள். உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது, ஊரெல்லாம் பத்திரிகை போய்விட்டது.

"ஆமாடி, அப்படித்தான் வாழணும்" என்றேன்.