வெல்டிங் ராடு கேட்டால் உப்புமா

எழுபதுகளின் பிற்பகுதியில், கும்மிடிப்பூண்டியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் புரோகிராமர். வீடு பொன்னேரியில். கம்ப்யூட்டர் அறையில் என்னோடு இன்னொருவர்தான். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். கடையில் உட்காரப் பிடிக்காமல் கம்ப்யூட்டர் படித்தவர். எல்லோருக்கும் அவர் பாய், எனக்கு மட்டும் அண்ணன். ஸ்டோர் புரோகிராம் நான் எழுதியது, கேண்டீன் புரோகிராம் அவர் எழுதியது.

கம்ப்யூட்டர் ஒரு பீரோ உயரம் இருக்கும். அதிலிருந்து ஒயர் இழுத்து ஸ்டோரில் ஒரு டெர்மினல், முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் கேண்டீனில் ஒரு டெர்மினல். திரையெல்லாம் கிடையாது. டைப்ரைட்டர் மாதிரி, கேட்டதற்குப் பதிலைக் காகிதத்தில் அடித்துத் தரும்.

ஒரு நாள் வெல்டிங் ஷாப் ஃபோர்மேன், ஸ்டோர் டெர்மினல் அடித்த சீட்டும் கையுமாக எங்கள் அறைக்குள் வந்தார். ஆரம்பாக்கத்துக்காரர்.

"இன்னா நைனா இது? வெல்டிங் ராடு கேட்டா உப்புமா குடுக்கச் சொல்லுது உங்க மிஷினு?"

பாய் வாங்கிப் பார்த்தார். ராடு என்று இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்தில் உப்புமா என்று அடித்திருந்தது. மூவரும் சிரித்தோம். விஷயம் மேனேஜர் காதுக்குப் போனதும் சிரிப்பு நின்றது.

"ஸ்டோர் புரோகிராம்ல தப்பும்மா" என்றார் மேனேஜர்.

"உப்புமா கேண்டீன்ல இருந்துதானே சார் வந்திருக்கு?" என்றேன்.

பாய்க்குச் சுருக்கென்றது. அன்று மத்தியானம் வரை எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அவரே டிபன் கேரியரைத் திறந்து, "எறா தொக்குமா. ஊட்ல உனக்குன்னு தனியா வச்சிக் குடுத்தாங்க" என்று நீட்டினார். அதோடு சண்டை முடிந்தது. இருவரும் சேர்ந்தே தேட ஆரம்பித்தோம்.

என் புரோகிராமைத் தனியாக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. அவருடையதும் அப்படியே. மிஷின் விற்ற கம்பெனியின் இன்ஜினியர் மெட்ராஸிலிருந்து வந்து, டிஸ்க்கைத் துடைத்து, சோதித்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ரயிலேறிய கொஞ்ச நேரத்தில் பெயின்ட் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பார் வந்தது.

"அண்ணே, ரெண்டு டெர்மினலும் ஒரே சமயத்துல வேலை செய்யும்போதுதான் வருதோ?" என்றேன்.

"வர வச்சிப் பாத்துட்டா போச்சு."

ஸ்டோரில் நான், கேண்டீனில் அவர். ஒரே நொடியில் விசையை அழுத்த வேண்டும். இரண்டு ஜன்னலுக்கும் தெரியும்படி முற்றத்தின் நடுவில் ஃபோர்மேன் சிவப்புத் துணியோடு நின்றார். அவர் கையை இறக்கியதும் நாங்கள் அழுத்தினோம். சரியான பதில்தான் வந்தது. மறுபடியும் அழுத்தினோம். மறுபடியும் சரி. வேலை கெட வேண்டும் என்று நான் அவ்வளவு ஆசைப்பட்டது அன்றைக்குத்தான். முற்றத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"பேஜாரா கீது நைனா, கை நோவுது!" என்று ஃபோர்மேன் கத்தினார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. டிஸ்க்கிலிருந்து எடுத்ததை மிஷின் உடனே தூக்கிப் போடாது. திரும்பக் கேட்டால் சட்டென்று கொடுக்க, மெமரியில் பஃபர் என்ற சில இடங்களில் வைத்திருக்கும். எங்கள் சோதனையில் அந்த இடங்கள் காலியாகவே இருந்தன. நெருக்கடி இருந்தால்தானே ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்! ஸ்டாக் முழுவதையும் பிரின்ட் எடுக்கும் பெரிய வேலையைக் கிளப்பிவிட்டு, அது கொஞ்ச நேரம் ஓடி பஃபரெல்லாம் நிரம்பிய பிறகு துணியை இறக்கும்படி ஃபோர்மேனிடம் சொன்னேன்.

துணி இறங்கியது. என் டெர்மினல் கடகடவென்று பொங்கல் என்று அடித்தது. காகிதத்தைக் கிழித்து ஜன்னல் வழியாக ஆட்டினேன். முற்றத்தில் விசில் பறந்தது.

வேண்டும்போது தப்பை வரவழைக்க முடிந்த பிறகு தேடுவது சுலபமாயிற்று. மிஷினோடு கொடுத்திருந்த ஆபரேட்டிங் சிஸ்டம் பிரின்ட்டைத் தரையில் விரித்து, ஆளுக்கொரு பென்சிலோடு உட்கார்ந்தோம். காலி பஃபர் இல்லாவிட்டால், ஒரு புரோகிராம் இருப்பதிலேயே பழைய பஃபரைத் தேர்ந்தெடுக்கும். அதில் உள்ளதை முதலில் டிஸ்க்கில் எழுத வேண்டும். டிஸ்க் சுற்றி முடியும்வரை அந்தப் புரோகிராம் தூங்கும்.

"அது தூங்கும்போது என்னோடது வந்தா?" என்று கேட்ட பாய், வரியை விரலால் தொட்டுக்கொண்டே போனார். "அதே பஃபரத்தான் எடுக்கும். ரெண்டும் எழுந்து, இது என்னோடதுன்னு எழுதிக்கினு கீதுங்க. இன்னாமா இது, எழுந்ததும் யாராச்சும் வந்தாங்களான்னு பாக்கவே இல்லையே!"

தூங்கப் போகும் முன்பே 'இது எடுத்தாயிற்று' என்று பஃபரில் குறி வைக்க நான்கைந்து வரி எழுதினேன். ஓட்டியதும் மிஷின் அப்படியே உறைந்து நின்றது. குறியை வைத்தேனே தவிர, வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டேன். ஒவ்வொரு புரோகிராமும் பஃபருக்காகக் காத்துக்கொண்டே நின்றது. அன்று சாப்பாட்டுச் சீட்டு அடிக்க முடியாமல், கேண்டீனில் கேட்டவர்களுக்கெல்லாம் கேட்ட அளவு போட்டார்கள். தொழிற்சாலையே என்னை வாழ்த்தியது. மேனேஜர் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை.

விட்டதைச் சேர்த்து மறுபடி ஓட்டினோம். ஃபோர்மேன் கை ஓயும்வரை துணியை இறக்கினார். ராடு கேட்டால் ராடு, பெயின்ட் கேட்டால் பெயின்ட். மெட்ராஸ் இன்ஜினியர் மறுபடி வந்து, திருத்தத்தைக் காகித நாடாவில் துளையிட்டு வாங்கிப் போனார்.

சில வாரம் கழித்துப் பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தபோது, கையில் குடையோடு ஒரு பெண் என்னிடம் வந்தாள்.

"பாய்லர் கம்பெனி கம்ப்யூட்டர்ல இருக்கிற அக்கா நீங்கதானா?"

எங்களுக்கு இரண்டு கேட் தள்ளியிருந்த கம்பெனியில் டெர்மினல் ஆபரேட்டராம். அங்கேயும் அதே மிஷின். எண்கள் மாறி மாறி வந்ததற்கு அவள்தான் கண்டதை அடிக்கிறாள் என்று அதே மெட்ராஸ் இன்ஜினியர் சொல்லிவிட, அனுப்புதல் பிரிவில் பார்சலுக்கு லேபிள் ஒட்டும் வேலைக்குத் தள்ளியிருக்கிறார்கள். அவர் கொண்டுபோன எங்கள் நாடாவைப் போட்டதும் கோளாறு நின்றுவிட்டது.

"திரும்ப என் சீட்டுக்கே கூப்டுக்கினாங்கக்கா. நேத்துலருந்து அங்கதான்" என்றாள்.

ரயில் வந்தது. பெண்கள் பெட்டியில் எனக்கு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இன்ஜினியர் அவளிடம் மன்னிப்புக் கேட்ட விதத்தைக் கும்மிடிப்பூண்டி வரை நடித்துக் காட்டிக்கொண்டே வந்தாள்.