டாக்டர் சொன்ன அம்மா

இது நடந்து நாலைந்து வருடம் இருக்கும். கடலூர் முதுநகரில் நானும் மகளும் மருமகனும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, நாற்பதை நெருங்கும்போது மகள் முழுகாமல் இருந்தாள். திருவந்திபுரம் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம்.

மூன்றாம் மாதம் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு கேட்க நானும் கூடப் போனேன். படித்தவர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழாது. கதவு ஓரமாக நின்றேன்.

"குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம். இருந்தா வளர்ச்சி, பேச்சு எல்லாம் மெதுவா வரும். உறுதியா தெரிய இன்னொரு டெஸ்ட் இருக்கு. அம்மாவுக்கு வயசு ஜாஸ்தி, அதான் ரிஸ்க்கும் ஜாஸ்தி" என்றார் டாக்டரம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா என்றால் நான்தானே? மகளை நான் பெற்றதும் நாற்பது தாண்டித்தான். அவள் என் கடைக்குட்டி.

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்புதான். அவளைச் சுமந்தபோது முந்திரித் தோப்பில் பூச்சிமருந்தடிக்கிற இடத்தில் வேலை செய்தேனே, வாய் நிறையப் புகையிலை போட்டேனே, கெமிக்கல் கம்பெனிக் காற்று நாறினாலும் அங்கேயே கிடந்தேனே, அதெல்லாம் ரத்தத்தில் ஊறிப் பேரப்பிள்ளை வரைக்கும் போய்விட்டதோ என்று ஒரே நடுக்கம். பக்கத்து வீட்டுக்காரி வேறு, "கிரகணத்துல உம் பொண்ணு வெளிய வந்தாளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மகளின் வயிற்றைத் தொடவே பயந்தேன்.

ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள். "ஏம்மா கிட்டயே வர மாட்டேங்கிற? இந்தப் புள்ள உனக்குப் புடிக்கலியா?"

அடுத்த முறை சிதம்பரம் போனபோது, டாக்டரம்மாவின் மேஜை முன்னால் போய் நின்றேன். "என் வயசு புள்ளய என்னா பண்ணும் டாக்டரம்மா?"

அவர் சிரித்துவிட்டார். "உங்க வயசா பாட்டி? குழந்தையோட அம்மாவத்தான் சொன்னேன்!"

அப்பாடா என்று மகளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. என் நெஞ்சிலிருந்த கல் அவள் மடியில் விழுந்திருந்தது.

"லேட்டா பெத்துக்கணும்னு நானா ஆசப்பட்டேன் டாக்டர்?" என்றாள். புகையிலை, தோப்பு மருந்து, கம்பெனிக் காற்று, கிரகணம் என்று நானும் மனதில் கிடந்ததை எல்லாம் கொட்டினேன்.

டாக்டரம்மா சிரிப்பை விட்டுவிட்டார். "வயசு ரிஸ்க்தான்மா, உன் தப்பு இல்ல. சின்ன வயசுக்காரங்களுக்கும் இப்படிப் பொறக்குது. காத்து, மருந்து, புகையிலைன்னு ஆராய்ச்சி பண்ணிட்டுதான் இருக்காங்க. இதனாலதான்னு யாரும் அடிச்சுச் சொல்லல. கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா பாட்டி, புகையிலைய மட்டும் விட்டுடுங்க, அது வேற எல்லாத்துக்கும் கெடுதல்."

மகள் யோசித்து, அந்த இன்னொரு டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மருமகனும் சரி என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். பிரசவம் வரைக்கும் எங்கள் பயம் போகவில்லை. ஆனால் தனித்தனியாகப் பயப்படுவதை விட்டுவிட்டோம்.

பேத்தி பிறந்தாள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைதான். இப்போதுதான் நாலு வார்த்தை பேசுகிறாள். எங்கள் பக்கம் பாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி "ஆயா" என்று கூப்பிடச் சொல்லி எவ்வளவோ பார்த்தேன், அவளுக்கு நானும் "ம்மா"தான். டாக்டர் வாயில் கேட்டபோது நடுங்கவைத்த அந்தச் சொல்லை இவள் வாயில் கேட்டால், அது எந்த அம்மா என்று யோசிக்காமல் நாங்கள் இரண்டு பேருமே எழுந்து ஓடுகிறோம்.